மவுஸ் முன்னே, டிவி பின்னே: வாசகர் கேள்வி - பதில்

லேப்டாப்பை டிவியில் போடும்போது வரும் தொல்லைகளைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். எல்லோரும் 'லேக் ஆகுது' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படம் பிந்தி வருவது வேறு, தவ்வித் தவ்வி ஓடுவது வேறு, சத்தம் மட்டும் பிந்துவது வேறு, திரை கறுத்துக் கறுத்து மீள்வது வேறு. உங்களுக்கு இதில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பேனா டேப்லெட்டில் எழுதுவதை லேப்டாப் வழியாக 43 இன்ச் 4கே டிவியில் காட்டுகிறேன். ஹெச்டிஎம்ஐ வயர்தான். லேப்டாப் திரையில் எழுத்து உடனே விழுகிறது. டிவியில் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. டிவியைப் பார்த்து எழுதினால் கை தடுமாறி வெப்ராளமாக வருகிறது. கடையில் விலை கூடிய கேபிள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?
– ஆசிரியை, தக்கலை

வாங்க வேண்டாம். ஹெச்டிஎம்ஐ வயரில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி ஆகும். ஒரு நொடியை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு. இந்தத் தாமதம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. வயர் கெட்டுப்போனால் படத்தில் வெள்ளைப் புள்ளி பறக்கும், திரை கறுக்கும், 'நோ சிக்னல்' வரும். கோடு பிந்தி வராது.

பிந்துவது டிவிக்குள்ளேதான். அசைவு வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்று டிவி இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஓர் இடைப்படத்தை உருவாக்கிச் செருகுகிறது. இடைப்படம் உருவாக்க அடுத்த படம் கைக்கு வந்தாக வேண்டும். அது வரும்வரை கையிலிருப்பதை டிவி பிடித்து வைக்கிறது. இதோடு புள்ளி நீக்குவது, ஓரம் கூர்மையாக்குவது என்று இன்னும் சில வேலைகள். எல்லாம் சேர்ந்து 50 முதல் 100 மில்லிநொடி (ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிநொடி) வரை போய்விடும்; சில டிவிகளில் அதற்கும் மேல். சினிமா பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் சத்தத்தையும் டிவி அதே அளவு பிடித்து வைத்துவிடும். கையால் எழுதுபவருக்குத்தான் தெரியும்.

முதலில் அளந்து பாருங்கள். காசு செலவில்லை. விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். மில்லிநொடி காட்டும் ஏதாவது ஆன்லைன் ஸ்டாப்வாட்சை முழுத்திரையில் ஓடவிடுங்கள். லேப்டாப்பை டிவிக்கு முன்னால் வைத்து, இரண்டு திரையும் ஒரே படத்தில் விழும்படி மொபைலில் போட்டோ எடுங்கள். லேப்டாப்பில் 12.480, டிவியில் 12.380 என்றிருந்தால் டிவி 100 மில்லிநொடி பின்தங்குகிறது. திரைகள் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால் ஒரே போட்டோவை நம்பாதீர்கள்; பத்து எடுத்துச் சராசரி பாருங்கள். கணக்கு டீச்சருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது மருந்து. டிவியில் கேம் மோடைப் போடுங்கள். பேரைப் பார்த்து விளையாட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன இடைவேலைகளை நிறுத்தும் சுவிட்ச் அது. சாம்சங்கில் பல மாடல்களில் ஜெனரல், அதற்குள் எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜர், அதற்குள் கேம் மோட். எல்ஜியில் பிக்சர் மோடிலேயே கேம் இருக்கும். சோனியில் பிக்சர் மோடில் கேம் அல்லது கிராபிக்ஸ். ஆண்ட்ராய்டு டிவிகளில் பிக்சர் மோடில் கேம் இல்லையென்றால் எம்இஎம்சி என்ற ஒன்றைத் தேடி அணைத்துவிடுங்கள். இடைப்படம் செருகுவது அதுதான். சாம்சங்கிலும் எல்ஜியிலும் அந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டின் வகையை 'பிசி' என்று மாற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்து மங்குவது நின்றுவிடும். மாற்றியபின் மீண்டும் பத்து போட்டோ எடுங்கள். ஓரளவு புதிய டிவி என்றால் கேம் மோடில் 10 முதல் 20 மில்லிநொடிக்குள் இறங்கிவிடும்.

இறங்கியும் இழுவை தெரிந்தால் ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் டிவி 4கே என்பதால் எனக்கு இதில் நல்ல சந்தேகம் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் வலது கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே டிவியைத் தேர்ந்தெடுத்தால் 30 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று காட்டும். லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ பழைய 1.4 வகை என்றால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும்; 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும். 30 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் 33 மில்லிநொடி நிற்கும், பேனா எவ்வளவு வேகமாக ஓடினாலும். அப்படியிருந்தால் 4கேயை விட்டுவிட்டு ரெசல்யூஷனை 1920 × 1080 ஆக்கி, 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். பாடம் எடுக்க 4கே 30-ஐவிட 1080 60 எவ்வளவோ மேல். லேப்டாப் 2.0 வகையாக இருந்தும் 30தான் காட்டுகிறது என்றால், டிவியில் அந்தப் போர்ட்டை முழுத்திறனுக்குத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா ஹெச்டி டீப் கலர், சோனியில் ஹெச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டில் என்ஹான்ஸ்டு. அதன் பிறகும் வரவில்லை என்றால்தான் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' முத்திரை உள்ள 2 மீட்டர் கேபிள் போதும்.

வயர் இல்லாமல் வைஃபை வழியாக லேப்டாப் திரையை டிவியில் காட்டுகிறேன். இரவில் ஓரளவு பரவாயில்லை. சில நேரம் படம் கட்டம் கட்டமாக உடைந்து ஒரு நொடி நின்றுவிடுகிறது. ரூட்டர் டிவிக்கு அருகிலேயே இருக்கிறது. 100 எம்பி பிளான். பிளானைக் கூட்ட வேண்டுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் விசை, கே எழுத்து அழுத்தி நீங்கள் இணைப்பது மிராகாஸ்ட் என்ற முறை. 2012-ல் வந்தது. படம் இன்டர்நெட் வழியாகப் போவதில்லை. பெரும்பாலான டிவிகளில் ரூட்டர் வழியாகக்கூடப் போவதில்லை. லேப்டாப்பும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. லேப்டாப் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்ப, டிவி அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கவும் விரிக்கவும் நேரம் ஆகத்தான் செய்யும். எல்லாம் சரியாக இருந்தாலே 100, 200 மில்லிநொடி தாமதம் இயல்பு. அதை ஒழிக்க முடியாது. படம் உடைவதை ஒழிக்கலாம்.

உடைவதற்குப் பெரிய காரணம், லேப்டாப்பில் வைஃபை ரேடியோ ஒன்றே ஒன்று இருப்பது. அது உங்கள் ரூட்டரோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சேனலிலும், டிவியோடு வேறொரு சேனலிலும் மாறி மாறிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரே கண்டக்டர் இரண்டு பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிப்பது போலத்தான். யூடியூபும் ஓடி, அதையே டிவிக்கும் அனுப்பினால் தாவல் இரட்டிப்பு. போதாததற்கு ப்ளூடூத் மவுஸும் இதே 2.4-ல்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வைஃபைகளும் அங்கேதான் நெருக்குகின்றன. சில நேரம் நன்றாகவும் சில நேரம் மோசமாகவும் இருப்பது அதனால்தான்.

லேப்டாப்பை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைத்துப் பாருங்கள். அல்லது லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு லேன் வயர் போட்டுவிட்டு, வைஃபையை டிவிக்கு மட்டும் விடுங்கள். இதுதான் இருப்பதில் நல்ல வழி. வைஃபையை அணைக்காதீர்கள், ரூட்டரின் பெயரிலிருந்து மட்டும் துண்டியுங்கள். இணைத்ததும் திரையின் மேலே வரும் சிறு பட்டையில் செட்டிங்ஸ் சக்கரத்தைத் தொட்டால் கேமிங், வேலை, வீடியோ என்று மூன்று வகை கேட்கும். பவர்பாயின்ட் காட்ட முதலாவது. அதில் தாமதம் குறைவு. படம் பார்க்க மூன்றாவது. அது வேண்டுமென்றே கொஞ்சம் சேமித்துவைத்து ஓட்டுவதால் உடையாது, மவுஸ் மட்டும் சோம்பலாக இருக்கும்.

யூடியூப் மட்டும் பார்ப்பதாக இருந்தால் திரையைக் காட்டவே வேண்டாம். வீடியோவிலேயே உள்ள காஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். டிவி தானே நேராக இறக்கிக்கொள்ளும், லேப்டாப் வெறும் ரிமோட்தான். லேப்டாப்பில் உள்ள சினிமா ஃபைல் என்றால் பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகுவது எல்லாவற்றிலும் சுத்தம். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது, அதை நினைவில் வையுங்கள்.

லேப்டாப்பில் செய்தி சேனல் லைவ் போட்டால், டிவியில் கீழே ஓடும் செய்தி வரி சீராக ஓடாமல் நடுக்கத்தோடு ஓடுகிறது. மற்றபடி படம் தெளிவு. மவுஸும் சரி. இது என்ன கோளாறு?
– வாசகர், நாகர்கோவில்

கோளாறே இல்லை, வகுத்தல் சரியாக வரவில்லை. நம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நொடிக்கு 25 படம் அல்லது அதன் இரட்டிப்பான 50 என்ற கணக்கில் தயாராகின்றன. லேப்டாப் டிவிக்கு அனுப்புவது 60. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் 2.4. அரைகுறைப் படம் காட்ட முடியாதே. அதனால் சில படம் இரண்டு தடவை, சில படம் மூன்று தடவை என்று கலந்து நிற்கிறது. முகம் பேசும்போது தெரியாது. ஒரே வேகத்தில் நகரும் எழுத்து வரியில் பளிச்சென்று தெரியும். கிரிக்கெட்டில் கேமரா பவுண்டரியை நோக்கி ஓடும்போதும் தெரியும்.

அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரிஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். இந்தியாவில் விற்கும் டிவிகள் சாதாரணமாக 50-ஐ ஏற்கும். 25 வந்தால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை, 50 வந்தால் ஒவ்வொன்றும் ஒரு தடவை. வரி வழுக்கிக்கொண்டு ஓடும். டூப்ளிகேட் மோடில் இருந்தால் லேப்டாப் திரையின் கணக்கும் குறுக்கே வரும். விண்டோஸ் விசையோடு பி அழுத்தி 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' போட்டுக்கொள்ளுங்கள். சினிமா நொடிக்கு 24 படம். அதற்கு 24 ஹெர்ட்ஸ் இருந்தால் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதில் மவுஸ் எருமை நடை நடக்கும். படம் முடிந்ததும் 60-க்குத் திருப்பிவிடுங்கள்.

லேப்டாப் திரையில் யூடியூப் நன்றாக ஓடுகிறது. டிவியில் போட்டால் தவ்வுகிறது. ஐ3 லேப்டாப், ஏழெட்டு வருடப் பழசு. டிவி 4கே.
– கல்லூரி மாணவர், குழித்துறை

லேப்டாப் திரை 1366 × 768 ஆக இருக்கும், அதனால் யூடியூப் தானாக 720 தரத்தை அனுப்புகிறது. டிவியில் முழுத்திரை போட்டதும் 'பெரிய திரை' என்று பார்த்து 1440, 2160 என்று ஏற்றிவிடுகிறது. பழைய லேப்டாப்புக்கு அது தாங்காது. யூடியூப் அந்தத் தரத்தில் வீடியோவைச் சுருக்கி அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 என்ற முறையில். இன்டெல்லில் விபி9-ஐ முழுதாகச் சிப்பிலேயே விரிக்கும் வசதி 7-வது தலைமுறையிலிருந்துதான். ஏவி1-க்கு 11-வது வர வேண்டும். அதற்கு முந்தையது என்றால் பிராசசர் தன் தலையால் அத்தனையையும் விரிக்க வேண்டும், மூச்சு முட்டும்.

வீடியோவில் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். 'டிராப்டு' என்ற எண் ஓடிக்கொண்டே ஏறினால் நோய் இதுதான். தரத்தைக் கையால் 1080 அல்லது 720 என்று வையுங்கள், டிவியின் ரெசல்யூஷனையும் 1080 ஆக்குங்கள். பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (விரிக்கும் வேலையைச் சிப்பிடம் விடும் வசதி) அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். சார்ஜரைச் செருகியே வையுங்கள். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு தவ்வினால் அது சூடு: ஃபேனில் தூசி அடைத்திருக்கும், அல்லது லேப்டாப் மெத்தையில் கிடக்கும்.

கோயில் மன்றத்தில் பின்வரிசைக்காரர்களுக்காக ஒரு பெரிய டிவி வைத்திருக்கிறோம். கேமராவிலிருந்து லேப்டாப், லேப்டாப்பிலிருந்து டிவி. ஃபாதர் வாய் அசைப்பதற்கு முன்பே ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிடுகிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. யூடியூப் லைவும் அதே லேப்டாப்பில்தான்.
– இளைஞர் இயக்கம், கருங்கல் பக்கம்

சத்தம் மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கு உடனே போகிறது. படமோ நாலு வாசல் ஏறி இறங்குகிறது: கேமரா, கேமரா படத்தை லேப்டாப்புக்குள் வாங்கும் கேப்சர் கார்டு, லேப்டாப்பில் லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள், கடைசியில் டிவி. ஒவ்வொன்றிலும் ஐம்பது, நூறு மில்லிநொடி. கூட்டினால் கால் நொடியைத் தாண்டும். சத்தம் பிந்துவதை மனிதன் ஓரளவு பொறுத்துக்கொள்வான், முந்துவதைப் பொறுக்க மாட்டான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் சத்தம் 125 மில்லிநொடி பிந்தினால்தான் தெரியும், ஆனால் 45 முந்தினாலே தெரிந்துவிடும் என்று இருக்கிறது. தூரத்து இடி மின்னலுக்குப் பிந்தியே கேட்டுப் பழகிய காது நமக்கு.

லேப்டாப்பை டிவியின் வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். கேமராவின் ஹெச்டிஎம்ஐயில் ஒன்று வாங்கி இரண்டு கொடுக்கும் ஸ்பிளிட்டர் போடுங்கள். ஒரு கை கேப்சர் கார்டுக்கு, லைவுக்காக. மறு கை நேராக டிவிக்கு. டிவியில் கேம் மோட். இரண்டு வாசல் குறைந்துவிடும். கேமரா வெளியீட்டை 25 என்றில்லாமல் 50 அல்லது 60-ல் வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். மிச்சம் இருக்கும் தாமதத்துக்கு ஓர் ஆறுதல்: சத்தம் காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் பீடத்தருகில் இருந்து, பின்வரிசை 30 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தமும் அங்கே சேர ஏறத்தாழ 87 மில்லிநொடி ஆகும். பின்வரிசை டிவிக்கு இது தானாகவே ஈடு செய்யும். அதனால் அந்த டிவியை நடுவரிசைக்கு நகர்த்தாதீர்கள். பக்கத்திலேயே தனி ஸ்பீக்கரும் தொங்கவிடாதீர்கள்.

பாட்டு வரிகளும் அதே திரையில் வர வேண்டும் என்றால் லேப்டாப் நடுவே இருந்தே ஆகும். அப்போது வரிகளை மட்டும் காட்டுங்கள், ஃபாதர் முகத்தை வேண்டாம். வரி கால் நொடி பிந்தினால் எவருக்கும் தெரியாது. முகமும் வேண்டுமென்றால் ஓபிஎஸ்ஸில் வீடியோ கேப்சர் டிவைஸின் பண்புகளில் 'பஃபரிங்' என்பதை 'டிஸேபிள்' ஆக்குங்கள். லைவில் சத்தம் முந்தினால் ஆடியோவின் அட்வான்ஸ்டு பண்புகளில் 'சிங்க் ஆஃப்செட்' இருக்கிறது, அதில் 200 என்று தொடங்கி, கை தட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பீடத்திலிருந்து பின்வரிசைக்கு 30 மீட்டர் செம்பு ஹெச்டிஎம்ஐ இழுக்க வேண்டாம், நிற்காது. ஆப்டிக்கல் ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் ஒரு முனை கேமரா பக்கம், மறுமுனை டிவி பக்கம் என்று அதிலேயே எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் படமே வராது. ஹெச்டிஎம்ஐ படத்தை கேட்6 நெட்வொர்க் வயரில் தூரம் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் வாங்கினால் படத்தைச் சுருக்கி நெட்வொர்க் வழியாக அனுப்பும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். மலிவு, ஆனால் அது ஐந்தாவது வாசல்.

ஹெச்டிஎம்ஐயில் படம் ஓடும்போது இரண்டு நொடி கறுத்து மீள்கிறது. வீடு கடற்கரையிலிருந்து 200 மீட்டர்.
– வாசகி, குளச்சல்

இங்கேதான் வயரும் போர்ட்டும் குற்றவாளி. உப்புக்காற்றில் ஹெச்டிஎம்ஐ முனையின் மெல்லிய தகடுகளில் பச்சை பூத்துவிடும். டிவி, லேப்டாப் இரண்டையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, வயரின் முனையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். 19 தகடும் பொன்னிறமாக இருக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் துடையுங்கள், கால் மணி நேரம் காயட்டும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். பச்சை போகாவிட்டால் வயரை மாற்றுங்கள். பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள். மோட்டார் போடும்போது மட்டும் கறுக்கிறது என்றால், எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பாருங்கள்.

படம் சரி, ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் பிந்துகிறது.
– வாசகர், குலசேகரம்

சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லிநொடி பிந்தும். 3.5 மி.மீ. ஆக்ஸ் வயர் போட்டால் தீர்ந்தது. முடியாதென்றால் டிவியில் ஆடியோ டிலே இருக்கிறதா பாருங்கள்; ஆனால் பல டிவிகளில் அது சத்தத்தை இன்னும் பிந்தவைக்கும், முந்தவைக்காது. லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் பார்ப்பவர்கள் ஜே எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் சத்தம் 50 மில்லிநொடி முன்னே வரும். கே அழுத்தினால் பின்னே போகும். நாலு தடவை ஜே அழுத்திப் பாருங்கள்.

யூஎஸ்பி-சி ஹப் வழியாக டிவியில் போட்டதிலிருந்து வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு ஓடுகிறது. கேம் மோட் போட்டும் தீரவில்லை.
– வாசகர், அருமனை

லேப்டாப்பின் டச்பேடைத் தடவிப் பாருங்கள். அது சரியாக ஓடினால் டிவி மேல் பழி இல்லை. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். மவுஸின் சின்ன ரிசீவர் அந்த ஹப்பிலேயோ பக்கத்துத் துளையிலேயோ இருந்தால் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி நீங்கள் உட்காரும் நாற்காலி பக்கம் கொண்டுவாருங்கள். டச்பேடும் இழுத்தால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்து பாருங்கள். விலை குறைந்த ஹப்கள் பல 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். தக்கலை ஆசிரியைக்குச் சொன்னபடி 1080-க்கு இறக்கி 60 வையுங்கள்.